மோடம் அட்டையில் பூசிய கறுப்பு

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் பேனாவை எடுத்தது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. நான் செகண்டரி நான்கு வரை படித்தவள். அதற்குப் பிறகு பூன் லேயில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் டின்களை அடைத்து மூடுகிற வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், முகம் தெரியாதவர்கள் படிக்கும்படி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். இனிமையான நினைவாக இருந்தால் பொறுத்துக்கொள்வது சுலபம். எனக்கு எழுத வருவது ஒரு மோடத்தைப் பற்றி. அதை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. நானும் தம்பியும் புக்கிட் பாஞ்சாங்கில் இருந்தோம். தம்பி கப்பல் பட்டறையில் வேலை செய்துகொண்டே இரவு வகுப்பில் கணினி படித்தவன். சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போய்விட்டது. அந்தக் காலத்து அடுக்குமாடி புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் மாடியிலும் நிற்காது. அவனைக் கீழே கொண்டுபோக வேண்டுமானால் சக்கர நாற்காலியோடு பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் தூக்கிப் படியிறங்க வேண்டும். இறங்கி லிஃப்டுக்குள் போனால் மூத்திர நாற்றம். தூக்க வந்தவர்கள் மூக்கைப் பொத்தக் கை இல்லாமல் முகத்தைச் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பு தன்னைப் பார்த்துத்தான் என்று தம்பி நினைத்துக்கொள்வான். கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்குக்கூட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

ஆகவே வீட்டிலிருந்தபடியே செய்கிற வேலை ஒன்று கிடைத்தால்தான் உண்டு. அப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதாக அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

சொன்னவர் எங்கள் கோயிலில் வேதாகம வாசகம் வாசிக்கிறவர். கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் மேலாளர். நல்ல குரல். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது என்னை அழைத்தார். சாயங்காலம் அலுவலகம் மூடிய பிறகும் வெளிநாட்டிலிருந்து சரக்குப் பட்டியல்கள் வந்துகொண்டே இருக்கின்றன, அவற்றைப் பார்த்துச் சரிசெய்ய ஓர் ஆள் வேண்டும், உங்கள் தம்பி வீட்டிலிருந்தே தொலைபேசி வழியாக எங்கள் கணினியில் நுழைந்து செய்யமுடியுமானால் அவனையே எடுத்துக்கொள்கிறேன் என்றார். மாத முடிவுக்குள் இணைத்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் அலுவலகத்துக்கே வந்துபோகிற வேறு ஆளை வைத்துக்கொள்வார். அதில் தப்பொன்றும் இல்லை. அதோடு ஒன்று சேர்த்துச் சொன்னார். கணினியும் அதைத் தொலைபேசியோடு இணைக்கிற மோடமும் தன் மச்சான் கடையில் வாங்கினால் நல்லது, நம்ம ஆளு, ஏமாற்ற மாட்டார்.

இந்த 'நம்ம ஆளு' என்ற சொல்லை நாங்கள் எத்தனை இடத்தில் நம்பியிருக்கிறோம் என்று நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. நகை வாங்க நம்ம ஆளு, கல்யாணத்துக்குச் சமைக்க நம்ம ஆளு. சாமான் கெட்டுப்போனால் திருப்பிக் கொடுக்க முடியாது, நம்ம ஆளு மனம் நோகும். வேறு யார் கடையிலாவது வாங்கியிருந்தால் நான்கூட ஒருவேளை சண்டை போட்டிருப்பேன். வேலை கொடுப்பவரின் மச்சானிடம் எப்படிப் போடுவது?

மச்சானின் கடை ரோச்சோர் வாய்க்கால் பக்கம் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் இருந்தது. வாய்க்காலை அப்போதுதான் சுத்தப்படுத்தி முடித்திருந்தார்கள், நாற்றம் போயிருந்தது. கடைக்குள் ஒரு நாற்றம் இருந்தது. மண்ணெண்ணெயும் பழைய முட்டையும் கலந்த மாதிரி. என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. மச்சான் தடித்த மனிதர், நல்ல சிரிப்பு. பேசும்போது காகிதம் கோக்கும் கம்பியை நிமிர்த்திக் காதைக் குடைவார். அதே கையால் அட்டைகளை எடுத்துக் காட்டுவார். மோடம் தனிப் பெட்டியாகவும் வரும், கணினிக்கு உள்ளே செருகும் அட்டையாகவும் வரும், இரண்டும் ஒன்றுதான், அட்டைதான் மலிவு என்றார். தம்பிக்குப் பட்டறையிலிருந்து கிடைத்த நட்டஈட்டில்தான் கணினியையும் அட்டையையும் வாங்கினோம். அவர் கடையிலேயே அதை இயக்கிக் காட்டினார். கடையின் பெயர் ஒட்டிய ஒரு ஃபிளாப்பியைச் செருகினார். அட்டை கீச்சென்று கத்தி எங்கேயோ இணைந்தது. நான் தலையாட்டிவிட்டு டாக்சி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டில் அது செத்த மாதிரி கிடந்தது.

ஏன் என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மேலாளரின் அலுவலகத்தில் இருந்தது பெரிய விலை கொடுத்து வாங்கிய பெரிய கணினி. அதோடு அதன் பாஷையிலேயே பேச எங்கள் சின்னக் கணினிக்கும் அதே மாதிரியான ஒரு சிஸ்டம், அதாவது கணினியை நடத்துகிற மென்பொருள், வேண்டும். அசலை வாங்க எங்களால் முடியாது. ஆனால் மாணவர்கள் படிப்பதற்கென்று எழுதப்பட்ட ஒன்று இருந்தது. புத்தகமும் ஃபிளாப்பிகளுமாக பிராஸ் பசா புத்தகக் கடையில் கிடைத்தது. அதில் என்ன விசேஷம் என்றால், உள்ளே எழுதியிருப்பது முழுவதும் திறந்தே கிடந்தது. கணினியை நடத்துகிற ஒவ்வொரு வரியையும் படிக்கலாம், பிடிக்காததை மாற்றலாம். தம்பி அதைக் கையில் வாங்கியபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. விழுந்த பிறகு அவன் எதையும் அப்படிப் பார்த்ததில்லை.

அந்தச் சிஸ்டத்துக்கு மோடம் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். கணினிக்குள் ஒவ்வோர் அட்டையும் ஒரு குறிப்பிட்ட எண்ணில் உட்கார்ந்திருக்கும், கதவு எண் மாதிரி. எண் தெரிந்தால் சிஸ்டத்தில் இரண்டு வரிகளை மாற்றினால் போதும். தனிப் பெட்டியாக வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, அது வழக்கமான வாசலில் வந்து நிற்கும். உள்ளே செருகும் அட்டைக்கு எண்ணை அந்த அட்டையிலேயே சின்னச் சின்னக் கம்பிமுனைகளை வைத்துத் தீர்மானித்திருப்பார்கள். பக்கத்தில் வெள்ளை எழுத்தில் அச்சடித்தும் இருக்கும்.

எங்கள் அட்டையில் அந்த இடத்தில் கறுப்பாக எதையோ பூசியிருந்தார்கள். சில்லுகளின் முதுகில் இருக்கவேண்டிய பெயரும் எண்ணும் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கப்பட்டிருந்தன. கம்பிமுனைகளின் மேல் பசை. கூட வரவேண்டிய விளக்கத்தாளும் இல்லை.

தம்பி வழக்கமான எண்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் சிஸ்டத்தை மறுபடி கட்ட வேண்டும். ஃபிளாப்பியை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டே இருப்பான், கணினி கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்கும். நான் வேலைக்குப் போகும்போது தொடங்கி இரண்டு மூன்று எண்களைப் பார்த்துவிட்டு, நான் சமைத்து முடிக்கும்போது "இல்லக்கா" என்பான். மாத முடிவு நெருங்க நெருங்க அந்த "இல்லக்கா"வும் வராமல் போயிற்று. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவான்.

கடைக்குப் போன் பண்ணச் சொன்னான். எனக்குப் போனில் பேசுவதென்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பண்ணினேன். மச்சான் பொறுமையாகத்தான் பேசினார். அட்டை நன்றாக இருக்கிறது, கடையில் நீங்களே பார்த்தீர்கள், அந்த ஓசி சிஸ்டம்தான் கோளாறு, என் ஃபிளாப்பியைப் போடுங்கள் வேலை செய்யும் என்றார். அந்த ஃபிளாப்பியில் இருந்தது வேறு சிஸ்டம், அதை வைத்து அலுவலகத்தோடு வேலை செய்ய முடியாது என்று தம்பி எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தேன். எண்ணை மட்டும் சொன்னால் போதும் என்றேன்.

"அதெல்லாம் டிரேட் சீக்ரெட் லா, சிஸ்டர்" என்றார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மேலாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பல்லிடுக்கில் எதுவோ மாட்டியிருந்தது, நாக்கால் தள்ளிக்கொண்டே பேசினார். தம்பி எதையோ நோண்டி நோண்டிக் கெடுத்துவிட்டதாக மச்சான் வருத்தப்பட்டாராம். நல்ல பையன்தான், பாவம், அவனுக்கு இது ஒத்துவருமா என்று யோசித்துச் சொல்லுங்கள் என்றார். இன்னும் ஒரு வாரம்தான் பார்ப்பேன் என்பதையும் அதே இதமான குரலில் சொன்னார். சற்று முன்பு அந்தக் குரலில்தான் புனித பவுலின் கடிதத்தைக் கேட்டுக் கண்ணீர் விட்டிருந்தேன். கண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கியிருப்பேன்.

இதை நான் தம்பியிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் பூன் லேயிலிருந்து நேரே கடைக்குப் பேருந்து ஏறினேன். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடை வாசலில் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

மச்சான் உள்ளே மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாழையிலை வைத்துக் கட்டிய பிரியாணிப் பொட்டலம் ஒரு பக்கம். மறுபக்கம் எங்களுக்கு விற்ற அதே மாதிரி அட்டைகள் அடுக்காக இருந்தன. நடுவே பெண்கள் நகத்துக்குப் பூசுகிற நகப்பூச்சு, கறுப்பு நிறம், சின்னச் சின்னப் புட்டிகளாக. கடையின் நாற்றம் என்னவென்று அப்போது தெரிந்தது. ஒரு வாய் பிரியாணி, கையைத் துணியில் துடைப்பு, ஓர் அட்டைக்கு ஒரு பூச்சு. பூசிய அட்டைகளின் ஓரத்தில் மஞ்சளாக நெய் விரல் பதிந்திருந்தது.

என்னைப் பார்த்து அவர் எதையும் மறைக்கவில்லை. உட்காருங்க சிஸ்டர் என்றார். மறைக்க என்ன இருக்கிறது, நான் பிஸ்கட் அடைக்கிறவள்தானே.

எதற்குப் பூசுகிறீர்கள் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லப் பிடித்திருந்தது. இதே அட்டை கீழ் மாடியில் இரண்டு கடைகளில் கிடைக்கிறது, பெயரைப் பார்த்தால் வாடிக்கையாளர்கள் விலை கேட்டு அங்கே போய்விடுவார்கள், ஆகவே அழிப்பது. எண்ணையும் யாரும் வைக்காத இடத்தில் மாற்றி வைத்துப் பசை போட்டுவிடுவது. அப்போது தன்னுடைய ஃபிளாப்பியால் மட்டுமே அது வேலை செய்யும். ஏதாவது ஒன்று என்றால் வாடிக்கையாளர் திரும்ப இங்கேதான் வரவேண்டும். இந்தக் கட்டடத்தில் எல்லாரும் ஆளுக்கொரு விதமாகச் செய்கிறார்கள், நான் பூசுகிறேன் என்றார். 

"அண்ணே, பூசாதது ஒண்ணு குடுங்க, சும்மா பாக்குறேன்" என்றேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவர் சிரித்து ஒன்றை எடுத்து நீட்டினார். "பாருங்க, பாருங்க. கடிச்சிடாதீங்க, பிஸ்கட் இல்ல."

கம்பிமுனைகளை மாற்றி, பசை வைத்து, பூச்சுக்காகக் காத்திருந்த அட்டை அது. வெள்ளை எழுத்துகள் அப்படியே இருந்தன. சின்னக் கட்டமாக எண்களும், எந்த முனை எதற்கு என்பதும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தொழிற்சாலையில் டின்னுக்கு அடியில் குத்துகிற குறியீடுகளும் எனக்குப் புரிந்ததில்லை, பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதுதான் வேலை. பார்த்தேன். திருப்பிக் கொடுத்தேன். தம்பிக்கு எண்ணைச் சொல்லுங்கள் அண்ணே என்று கடைசியாக ஒரு முறை கேட்டேன். "உங்களுக்குச் சொன்னா நாளைக்கு ஊருக்கே தெரியும் சிஸ்டர்" என்று இலையை மடித்தார்.

அவர் கண்ணெதிரே எழுத வெட்கம், பயமும்தான். அந்த மாடியின் பெண்கள் கழிப்பறைக்குப் போனேன். தண்ணீர் வராமல் யாரோ விட்டுப்போனது அப்படியே மிதந்தது. சுவரில் எச்சில். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளங்கையில் கட்டத்தை வரைந்து எண்களையும் பசை வைத்திருந்த முனைகளையும் குறித்தேன். கை வியர்த்து அழிந்துவிடப் போகிறதென்று பேருந்தில் வீடுவரை விரல்களை விரித்தே வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த சீனப் பாட்டி இரண்டு தடவை என் கையைப் பார்த்தார்.

தம்பி என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.  பிறகு, "இந்த எடத்துல எவனும் வைக்கமாட்டான்க்கா. நான் வருஷம் முழுக்கத் தேடியிருந்தாலும் கெடச்சிருக்காது" என்றான். உடனே புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தான். இரண்டு வரிதான் மாற்றினான். கணினி மறுபடி அரைக்கத் தொடங்கியது. நான் கையைக் கழுவி, அரிசி களைந்து, குழம்பு கூட்டிக்கொண்டிருக்கும்போது கூடத்திலிருந்து அந்தக் கீச்சுச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். திரையில் மேலாளரின் அலுவலகக் கணினி பெயர் கேட்டு நின்றது. தம்பி நாற்காலியின் கைப்பிடியை ஓங்கித் தட்டினான். நான் அடுப்பை அணைக்க மறந்து குழம்பு அடிப்பிடித்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத வந்திருக்கமாட்டேன்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து மேலாளரிடம் சொன்னேன். நெற்றியைச் சுருக்கினார், எப்படி என்று கேட்டார். தம்பி கண்டுபிடித்துவிட்டான் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே மேலாளரும் மச்சானும் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். தம்பி விழுந்த நாளிலிருந்து கோயில் ஆட்கள் யாரும் எங்கள் படி ஏறியதில்லை. மச்சான் கையில் கறிபப் பொட்டலம், கறி அடைத்துப் பொரித்த பலகாரம். தம்பி இணைத்துக் காட்டியதை இருவரும் பார்த்தார்கள். மேலாளர் தோளில் தட்டினார். மச்சான் ஒரு கறிபப்பை எடுத்துத் தம்பியிடம் நீட்டிவிட்டு, மீதியை ஒவ்வொன்றாகத் தானே தின்றார். மாவுத் துகள் எங்கள் சோபாவில் விழுந்துகொண்டே இருந்தது.

நான் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோது விஷயம் வெளியே வந்தது. மாணவர்கள் பலர் இப்போது இந்த ஓசி சிஸ்டத்தைக் கேட்டு வருகிறார்களாம். அவர்களுக்கு மச்சானின் அட்டை வேலை செய்வதில்லை, திட்டிவிட்டுப் போகிறார்களாம். தம்பி மாற்றிய ஃபிளாப்பியைக் கொடுத்தால் அட்டையோடு சேர்த்து விற்கலாம். திறந்த பொருள்தானே, யாருக்கும் கொடுக்கலாம்தானே என்று மச்சானே நியாயமும் பேசினார். மேலாளர் தேத்தண்ணீரை ஊதியபடி, குடும்பத்துக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் உதவியா இருந்தாத்தான் நாளைக்கு வேலையில நமக்கும் ஒத்துப்போகும் என்றார். வேலை இருக்கிறது என்றோ இல்லை என்றோ அதுவரை அவர் சொல்லியிருக்கவில்லை.

தம்பி சரி என்று ஒரு பிரதி எடுக்கத் தொடங்கினான். மச்சான் குனிந்து திரையைப் பார்த்தார்.

"மேல என்ன, உன் பேரா? அத எடுத்துடு தம்பி. வாங்குறவன் நேரா உனக்குப் போன் பண்ணிட்டு நிப்பான். உனக்கும் தொந்தரவு லா."

மாற்றிய இடத்தில், மாற்றியது யார் என்று தம்பி தன் பெயரை எழுதியிருந்தான். அந்தச் சிஸ்டத்தில் வேலை செய்கிறவர்களின் வழக்கம் அது. தப்பிருந்தால் யாரிடம் கேட்பது என்று மற்றவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக.

எனக்கு அப்போது என்ன வந்ததோ, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "அப்ப இனிமே கறுப்பு பூச மாட்டீங்களா அண்ணே?"

 மேலாளர் மச்சானைப் பார்த்தார். அவருக்கு அது தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மச்சான் விரலை நக்கிக்கொண்டு சிரித்தார்.

"அது வியாபாரம், சிஸ்டர். பூசலன்னா எவன் என்கிட்ட வாங்குவான்?"

மேலாளரும் சிரித்தார். நான் தம்பியைப் பார்த்தேன், முடியாது என்று சொல்லிவிடு என்கிற மாதிரி. அவன் என்னைப் பார்க்கவில்லை. பெயர் இருந்த வரியை அழித்தான். ஃபிளாப்பியை எடுத்து மச்சானின் கையில் கொடுத்தான். நெய் பட்ட கை. மேலாளர் எழுந்து, நாளைக்கு ஆறு மணியிலிருந்து தொடங்கு, கோயில் பிள்ளையை விட்டு வேறு யாருக்கு இந்த வேலையைக் கொடுக்கப் போகிறேன் என்று கைகுலுக்கினார்.

அவர்கள் லிஃப்டுக்குப் போகப் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை நான் சோபாவைத் துடைத்தேன். பிறகு தம்பியிடம் கேட்டேன், உன் பேரையாவது விட்டிருக்கலாமே என்று. அவன் கோபப்படவில்லை.

"எனக்கு வேலை வேணும்க்கா" என்றான். "நீயே இன்னும் எத்தன வருஷம் டின் மூடுவ?"

 அவர்கள் குடித்த கிளாஸ்களைச் சவர்க்காரம் போட்டு இரண்டு முறை கழுவினேன். கழுவியும் அவற்றில் தண்ணீர் குடிக்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. நான் வேலை முடிந்து வீடு வந்தபோது தம்பி அலுவலகத்தோடு இணைந்திருந்தான். இரண்டு கப்பல்களின் சரக்குப் பட்டியல் வந்தது. ஒன்றில் பிழை இருந்தது, சரிசெய்து அனுப்பினான். நான் ஈரச் சந்தையில் வாங்கிய மீனைப் பொரித்தேன். சாப்பிட்டோம்.